முயலுக்கு உடம்பு தேற என்ன கொடுக்கலாம்?

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஏழாவது படிக்கும் என் மகள் மூன்று வருடமாக ஒரு முயல் வளர்க்கிறாள். ஆண், வெள்ளை நிறம், பெயர் பஞ்சு. போன மாதம் திடீரென்று தீனியை விட்டுவிட்டான். வயிறு உப்பிக்கொண்டது, புழுக்கை போடவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அதற்குப் பிறகு இளைத்துக்கொண்டே போகிறான். தீபாவளி சமயம் மளிகைக் கடைத் தராசில் 2 கிலோ 400 கிராம் இருந்தவன் இப்போது 1 கிலோ 700தான். முதுகைத் தடவினால் ரம்பம்போல் குத்துகிறது. பசி இல்லாமல் இல்லை, கிண்ணத்தைப் பார்த்தால் ஓடிவருகிறான். கேரட்டைத் துருவிப் போட்டால் தின்கிறான், முழுதாகப் போட்டால் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். புல்லைக் கவ்வி இரண்டு கடி மென்று கீழே போட்டுவிடுகிறான். தாடைக்கு அடியில் முடி எப்போதும் நனைந்திருக்கிறது. பின்பக்கம் களிமாதிரி ஒட்டிக்கொள்கிறது. உடம்பு தேறட்டும் என்று சோறு, பிஸ்கட், நிப்பட்டு, வாழைப்பழம், மாம்பழத் தோல் எல்லாம் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொடு, ஒரு வாரத்தில் ஏறிவிடும் என்கிறார். மெடிக்கலில் பசி டானிக் வாங்கலாமா? வீட்டுக்காரர் "சந்தையில் 300 ரூபாய்க்கு வேற வாங்கிக்கலாம், விடு" என்கிறார். பாப்பா சாப்பிடாமல் அழுகிறாள். ஒற்றையாக இருப்பதால் ஏங்குகிறானோ, ஒரு பெண் முயல் வாங்கி விடலாமா என்றும் யோசனை. வழி சொல்லுங்கள்.

பதில்: அம்மா, பஞ்சுவுக்கு என்ன கொடுத்தால் எடை ஏறும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பசியோடு ஓடிவருகிறான், துருவினதைத் தின்கிறான், முழுசைத் தொடமாட்டேன் என்கிறான், புல்லை மென்று கீழே போடுகிறான், தாடை நனைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இது வயிற்று நோயிலிருந்து மீண்ட முயலின் மெலிவு மாதிரி தெரியவில்லை. வாயில் வலி இருக்கிற முயலின் நடவடிக்கை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் என் சந்தேகம் பெரும்பங்கு கடைவாய்ப்பல்லின் மேல்தான்.

முயலுக்குப் பற்கள் 28. மனிதருக்குப் போல முளைத்து நின்றுவிடுகிற பற்கள் அல்ல. முன்பல்லும் சரி, கடைவாய்ப்பல்லும் சரி, சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் போல வளரும் என்றால், வருடத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வளர்ச்சியைத் தேய்த்துச் சமன் செய்வது புல். காய்ந்த புல்லை முயல் பக்கவாட்டில் தாடையை ஆட்டி ஆட்டி, திருகைக்கல் அரைப்பதுபோல் மணிக்கணக்கில் அரைக்கும். சோறும் பிஸ்கட்டும் குச்சித் தீவனமும் (கடையில் விற்கிற பெல்லட்) தின்கிற முயலுக்கு அந்த அரைவை கிடைப்பதில்லை, இரண்டு கடியில் நொறுங்கி உள்ளே போய்விடுகிறது. தேயாத கடைவாய்ப்பல் ஓரத்தில் முள்ளாக நீளும். கீழ்ப்பல் முள் நாக்கைக் கிழிக்கும், மேல்பல் முள் கன்னத்தைக் குத்தும். பசிக்கும், ஆனால் மெல்ல முடியாது. எச்சில் வழிந்து தாடை நனையும்.

போன மாதம் அவன் தீனியை விட்டு வயிறு உப்பியதுகூட இதன் தொடர்ச்சியாக இருக்கலாம். வலியால் தீனி குறைந்தால் குடல் அசைவு குறையும். குடல் அசைவு நின்றால் வாயு சேரும். முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். அன்று உங்கள் டாக்டர் செய்தது சரியான வைத்தியம். உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். அடிக்காரணம் அப்படியே இருந்தால் எடை எப்படித் திரும்பும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் தருமபுரிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்தேன். காலை முழுக்க மாட்டுக்குச் சினை ஊசியும் ஆட்டுக்குக் குடற்புழு மருந்தும்தான். ஒரு பையன் அட்டைப்பெட்டியில் இளைத்த முயலைக் கொண்டுவந்தான். உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஈரல் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துச் செத்த முயலோடு வந்தான். வாயை அறுத்துப் பார்த்தபோது நாக்கின் ஓரம் பாதி அறுந்திருந்தது. பையனிடம் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இளைத்த முயல் எது வந்தாலும் காது பார்க்கும் விளக்குக் கருவியை வாய்க்குள் விட்டுக் கடைவாய்வரை பார்க்காமல் அனுப்பினதில்லை. முயலின் வாய் குகைமாதிரி, குறுகலாக உள்ளே போகும். வெறும் கண்ணுக்கு முன்பல் மட்டுமே தெரியும்.

ஆகவே முதல் வேலை இதுதான். இந்த வாரத்துக்குள் பஞ்சுவின் கடைவாயைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் டாக்டரிடமே போகலாம். "காது பார்க்கிற கருவியால் உள்பற்களைப் பார்க்க முடியுமா" என்று நேராகக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். முள் இருந்தால் மயக்கம் கொடுத்துத்தான் தேய்க்க வேண்டும். அதற்கு முயலைக் கையாண்ட அனுபவமும் கருவியும் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், அல்லது பெங்களூரில் முயல், கிளி, ஆமை பார்க்கிற தனி மருத்துவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம். விடியற்காலை வண்டியில் போய்விடுங்கள், வெயிலேறிய பிறகு முயலோடு பயணம் வேண்டாம். முன்கூட்டியே போன் செய்து "முயலுக்குக் கடைவாய்ப்பல் தேய்ப்பீர்களா" என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் நாய், பூனையை இரவு முழுக்கப் பட்டினி போடச் சொல்வார்கள். முயலுக்கு அது கூடாது. வாந்தி எடுக்காத பிராணிக்கு அந்தப் பட்டினியால் லாபமில்லை, குடல்தான் நின்றுபோகும். யாராவது பழக்கத்தில் "நேற்று ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்" என்று சொன்னால், "முயலுக்குமா சார்?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். தேய்த்த பிறகு வலி மருந்தும் கேட்டு வாங்குங்கள். வலி போனால்தான் தின்னும். முயலுக்கு மெலாக்சிகேம் பொதுவாகக் கொடுப்போம், அளவு டாக்டர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். நகம் வெட்டியால் பல்லை நறுக்கும் வேலை மட்டும் வேண்டாம். முன்பல்லைக்கூட அப்படி வெட்டினால் நெடுக விரிசல் விட்டு வேரில் சீழ் பிடித்துவிடும்.

பல் ஒருமுறை தேய்த்தால் ஆயுளுக்கும் சரியாகிவிடும் என்று நம்பிக்கை தரமாட்டேன். சில முயலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும். புல் தின்னப் பழகினால் இடைவெளி நீளும்.

பல் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால்? அப்போது புழுக்கையைப் பரிசோதிக்க வேண்டும். சந்தையிலும் பண்ணையிலும் வாங்குகிற முயல்களிடம் காக்சிடியா என்கிற ஒட்டுண்ணி சர்வசாதாரணம். குடலையும் ஈரலையும் தின்று, முதுகு ஒட்டி வயிறு மட்டும் தொங்குகிற மாதிரி ஆக்கிவிடும். குட்டிகளுக்குத்தான் அதிகம், என்றாலும் நோயில் நலிந்த பெரிய முயலையும் விடாது. அன்று காலைப் புழுக்கையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள், மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் அளவுக்கு மீறிக் குடிக்கிறான், மூத்திரம் அதிகம் என்றால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் அப்படி எழுதவில்லை.

சரி, இனி தீனிக்கு வருவோம். பஞ்சு இழந்திருப்பது 700 கிராம். கேட்கச் சின்னதாக இருக்கும். 70 கிலோ ஆள் 50 கிலோவாகச் சுருங்கினால் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பாருங்கள், கணக்கு அதேதான். மளிகைக் கடைத் தராசு முன்னே பின்னே இருந்திருக்கலாம், ஆனால் முதுகெலும்பு கையில் குத்துகிறது என்கிறீர்களே, அதுவே போதும்.

இளைத்தவருக்குச் சோறும் நெய்யும் போட்டுத் தேற்றுவது நம் வழக்கம். முயலுக்கு அது தலைகீழ். முயல் தின்கிற நாரைச் செரிக்கும் இடம் குருட்டுக்குடல் என்கிற பெரிய பை. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. வீட்டில் மாவு புளிப்பது மாதிரி நிதானமான வேலை. அந்தப் பைக்குள் சோறும் பிஸ்கட்டும் சர்க்கரையும் போனால் தப்பான கிருமி பெருகி நல்லதை விரட்டிவிடும். லேசாக இருந்தால் களிபோல் ஒட்டும், கடுமையாக இருந்தால் ஒரே நாளில் பேதியாகிச் செத்துப்போகும். பஞ்சுவின் பின்பக்கம் ஒட்டுவது உங்கள் அன்பின் விளைவுதான், வருத்தப்படாதீர்கள்.

அந்தக் களியைப் பற்றி இன்னொன்று. முயல் இரண்டு வகையாகப் புழுக்கை போடும். ஒன்று நமக்குத் தெரிந்த உருண்டை. இன்னொன்று மெத்தென்று, பளபளவென்று, சின்னத் திராட்சைக் கொத்துமாதிரி இருக்கும். பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ வரும். அதை முயல் குனிந்து நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும். அருவருப்பு வேண்டாம், பி வைட்டமினும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. மாடு அசைபோடுவதற்குச் சமம் அது. மாவுச்சத்து அதிகமானாலும், வாய் வலித்தாலும், உடம்பு வளையாவிட்டாலும் அதைத் தின்னாமல் விட்டுவிடும். தின்னாத சத்து எடையாகுமா? ஒட்டியதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்திவிடுங்கள். முழுக்காட்ட வேண்டாம், பயந்து நடுங்கியே சில முயல்கள் போய்விடும். தினமும் பாருங்கள். இந்த வெயிலில் ஈ உட்கார்ந்தால் ஒன்றிரண்டு நாளில் புழு வைத்துவிடும்.

ஆக, இன்றோடு சோறு, பிஸ்கட், நிப்பட்டு நிறுத்தம். மாம்பழத் தோலும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த சீசனில் மாம்பழத் தோல் விழாத குப்பைத் தொட்டி கிடையாது, முயலுக்குப் போடாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனாலும் வேண்டாம். கேரட்டும் வாழைப்பழமும் விரல்நுனி அளவு, மருந்து கொடுத்ததற்குச் சன்மானமாக. பக்கத்து வீட்டு அண்ணனிடம் நன்றி சொல்லிவிட்டுப் புண்ணாக்கை மாட்டுக்கே விட்டுவிடுங்கள். நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசண நஞ்சு சேர வாய்ப்பு அதிகம். அந்த நஞ்சை மற்ற பல பிராணிகளைவிட முயல் குறைவாகவே தாங்கும். பால், முட்டை எதுவும் கூடாது, அவன் சுத்த சைவம்.

பல் பார்க்கும்வரை மெத்தென்ற தழையாகக் கொடுங்கள். உங்கள் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இருப்பார்கள். மல்பெரி இலை முயலுக்கு அருமையான தீனி. புரதம் அதிகம், மென்மை, முயலும் ஆசையாகத் தின்னும். இன்னொரு வசதி, மல்பெரித் தோட்டத்தில் மருந்தைக் கண்டபடி அடிக்க மாட்டார்கள், அடித்தால் அவர்கள் புழுவே செத்துவிடும். இருந்தாலும் கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை, அவர்களே அந்தக் கணக்கில் கறாராக இருப்பார்கள். அதோடு வேலிமசால், கல்யாண முருங்கை இலை, கொத்தமல்லி, அருகம்புல் தளிர். முதல் நாள் எதுவானாலும் ஐந்தாறு இலை. புழுக்கை இளகாமல் இருந்தால் அடுத்த நாள் ஒரு பிடி. ஒரே நாளில் நான்கு புதுத் தழையைக் கொட்டினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

குதிரைமசால் கிடைத்தால் இந்த இரண்டு மாதம் தாராளமாகக் கொடுக்கலாம், எடை ஏற்றும். எடை திரும்பிய பிறகு குறைத்துவிடுங்கள், அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம், வளர்ந்த முயலுக்கு மூத்திரப் பையில் மணலாகச் சேரும். சவுண்டல் தழை ஆட்டுக்குக் கொடுக்கிறோமே என்று முயலுக்குப் போடாதீர்கள், முடி கொட்டும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கமிருந்து வருகிற தக்காளிச் செடி கைக்குக் கிடைத்தாலும் வேண்டாம், இலையும் தண்டும் நஞ்சு. மார்க்கெட்டில் உதிர்ந்து கிடக்கும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலையை எடுத்துவருகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். வாயு ஒரு பக்கம், அதில் அடித்த மருந்து இன்னொரு பக்கம். அரளி, உண்ணிச்செடி கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

தானாகத் தின்பது பாதிக்கும் கீழே இருந்தால் ஊட்ட வேண்டும். குச்சித் தீவனத்தை மிக்சியில் பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து, ஆறினதும் கேழ்வரகுக் கூழைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லித் தழையை அரைத்துச் சேர்த்தால் வாசனைக்கு வாய் திறப்பான். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற அகல வாய் உள்ளதாக இருந்தால் நார் அடைக்காது. பாப்பா அவனைத் துண்டில் சுற்றி மடியில் உட்கார்ந்த நிலையிலேயே வைத்துக்கொள்ளட்டும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கிறது, பக்கவாட்டில் அங்கே நுனியை வைத்து ஒரு மில்லி விடுங்கள். மென்று விழுங்கட்டும். அப்புறம் அடுத்த மில்லி. அவன் எடைக்கு ஒரு வேளைக்கு 15இலிருந்து 25 மில்லி போதும், நாளைக்கு நான்கு வேளை. முதல் நாள் பாதியோடு நிறுத்துங்கள். முகம், மீசையெல்லாம் கூழாக அப்பிக்கொண்டு உங்களைக் கோபமாகப் பார்ப்பான், துடைத்துவிடுங்கள்.

ஆனால் வயிறு மத்தளம்போல் விறைத்திருந்தாலோ, புழுக்கையே இல்லாவிட்டாலோ ஊட்டவே கூடாது. அப்படியே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். முயல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரம், "காலையில் பார்த்துக்கலாம்" என்கிற விஷயம் அல்ல. ஏற்கெனவே ஒருமுறை அந்த வாசல்வரை போய் வந்தவன்.

பல் தேய்த்து வலி அடங்கினதும், ஒரு வாரத்துக்குள் தீனியை முரடாக மாற்றுங்கள். இனி அவன் தட்டில் முக்கால்வாசி காய்ந்த புல்தான். கடையில் விற்கிற வெளிநாட்டுப் புல் நல்லதுதான், விலைதான் கட்டுப்படியாகாது. கொழுக்கட்டைப் புல்லையும் அருகம்புல்லையும் அறுத்து நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் பச்சை மணம் போகாமல் காயும், அதுவே போதும். கடலைக்கொடியும் நல்ல தீனி. ஒரே நிபந்தனை, மழையில் நனைந்து பூசணம் பிடித்ததாக இருக்கக்கூடாது. கையில் எடுத்து உதறுங்கள், தூசி கிளம்பி மூக்கில் காரமேறினால் வேண்டாம். கேழ்வரகுத் தாள் நம் மாவட்டத்தில் எங்கும் கிடைக்கும், சத்து குறைவு, ஆனால் கொறிக்க உதவும், கூண்டில் ஒரு கத்தை கட்டித் தொங்கவிடுங்கள். குச்சித் தீவனம் இப்போதைக்கு நாளொன்றுக்கு 50 கிராம்வரை இரண்டு வேளையாக, தேறிய பிறகு கொஞ்சம் குறைத்து. மூட்டையில் நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள், 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கறி முயலைச் சீக்கிரம் கொழுக்க வைப்பதற்கென்று செய்த தீவனத்தில் தானியம் அதிகமாகவும் நார் குறைவாகவும் இருக்கும்.

தண்ணீரைப் பாட்டிலில் தொங்கவிட்டிருந்தால் எடுத்துவிட்டுக் கனமான மண்சட்டியில் வையுங்கள், வாய் வலிக்கிற முயல் பாட்டில் குழாயை நக்காது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வீட்டுக்கு வருகிற ஒகேனக்கல் குடிநீரையே அவனுக்கும் ஊற்றுங்கள். கூண்டு சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் இருந்தால் இன்றே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். முயலுக்கு வியர்வை கிடையாது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே தீனி குறையும், 38 டிகிரி மத்தியானத்தில் எவ்வளவு நல்ல தழை போட்டாலும் தொடமாட்டான். அதனால் பெரிய தீனி விடியலிலும் ராத்திரியிலும்.

டானிக் வேண்டாம். மெடிக்கல் விஷயத்தில் உங்களிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பையோ மாத்திரையையோ முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைக்குக் கேட்கிற மருந்து, குருட்டுக்குடலின் நல்ல கிருமியைக் கொன்று முயலையும் கொன்றுவிடும். அதேபோல் நாய் உண்ணிக்கு அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்ப்ரே. சொறி இருந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுப்பார்.

பாப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள், அழுகை நிற்கும். 5 கிலோவரை காட்டுகிற சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று, மேலே ஒரு பிளாஸ்டிக் கூடை. தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பார்த்து நோட்டில் எழுதட்டும். ஒரு நாள் 30 கிராம் ஏறும், மறுநாள் இறங்கும், அது வயிற்றில் இருக்கிற தீனியின் எடை. ஞாயிறுக்கு ஞாயிறு பார்த்தால்தான் போக்கு தெரியும். பல் சரியான பிறகு வாரத்துக்கு 50 கிராம் ஏறினால் எனக்குத் திருப்தி. 700 கிராம் திரும்ப மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், அவசரப்பட்டால் மறுபடி களிதான். எடைக்குப் பக்கத்தில் புழுக்கை எப்படி என்றும் எழுதச் சொல்லுங்கள். இப்போது மிளகு அளவில் போடுவான் என்று நினைக்கிறேன். கொண்டைக்கடலை அளவுக்கு வந்து, உடைத்தால் உள்ளே புல்தூள் தெரிந்தால், தராசு சொல்வதற்கு முன்பே அவன் தேறிவிட்டான் என்று அர்த்தம். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். "இளைச்சுட்டான் சார்" என்பதைவிட அந்த நோட்டு டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன 300 ரூபாய் கணக்கு தப்பில்லை, பல் வைத்தியத்துக்கும் பயணத்துக்கும் அதைப்போலப் பல மடங்கு ஆகும். அதை மறைத்துப் பேச மாட்டேன். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அடுத்து வாங்குகிற முயலுக்கும் பிஸ்கட்டும் சோறும் போட்டால் மூன்று வருடத்தில் இதே கடிதம்தான். முயல் சரியாக வளர்ந்தால் எட்டு வருடம்கூட இருக்கும், பாப்பா காலேஜ் போகும்வரை.

கடைசியாக அந்தப் பெண் முயல். இப்போது வேண்டாம். பஞ்சு ஏக்கத்தால் இளைக்கவில்லை. நலிந்திருக்கும்போது சந்தையிலிருந்து புது முயல் வந்தால் சொறியும் காக்சிடியாவும் சேர்ந்து வரும். இரண்டும் ஒரே தட்டில் தின்றால் யார் எவ்வளவு தின்றார்கள் என்பதும் தெரியாது. அவன் 2 கிலோ 200 தாண்டட்டும், பிறகு வாங்கலாம், வாங்கினதை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்துப் பாருங்கள். சேர்ப்பதற்கு முன் பஞ்சுவுக்கு விதை எடுத்துவிடுங்கள், எடுத்த பிறகும் ஒரு மாதம் பொறுங்கள். இல்லையென்றால் முயலுக்குச் சினைக்காலம் 31 நாள், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. அப்புறம் நீங்கள் எனக்கு வேறு விதமான கடிதம் எழுத வேண்டியிருக்கும்.